எண்ணிக்கை குறையக் கூடாது

1945 ஏப்ரல் 11. ஜெர்மனியில் வைமார் நகருக்கு மேலே எட்டர்ஸ்பெர்க் மலையில் இருந்த புகன்வால்ட் வதைமுகாமுக்கு அமெரிக்கப் படை வந்து சேர்ந்தபோது உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 21,000 பேர். அவர்களில் 904 பேர் சிறுவர்களும் பதின்வயதினரும். ஆகச் சின்னவர்களுக்கு வயது நான்கு.

இந்த 904 என்னை விடுவதாக இல்லை. புகன்வால்டோ வேலை வாங்குவதற்கும், வேலை வாங்கியே சாகடிப்பதற்கும் 1937-ல் கட்டிய முகாம். எட்டு ஆண்டுகளில் அங்கே 56,000 பேர் வரை இறந்தார்கள். உழைக்க வலுவில்லாத உடம்புக்கு அங்கே இடமே கிடையாது. அப்படியிருக்க, நான்கு வயதுப் பிள்ளை அந்தக் கணக்கில் எப்படித் தப்பியது? ஒன்றிரண்டு பேர் என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். 904 பேர் என்றால், யாரோ உட்கார்ந்து அதற்காக வேலை பார்த்திருக்கிறார்கள்.

*

காவல் கோபுரங்களில் நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் இருந்தார்கள். வேலிக்கு உள்ளே அன்றாடக் காரியங்களை நடத்தியதெல்லாம் கைதிகள்தான். யார் எந்தப் பிளாக்கில் படுப்பது, யாருக்கு என்ன வேலை, மருத்துவக் கொட்டகையில் யாருக்குக் கட்டில், எந்த ரயிலில் யார் போவது என்று எல்லாவற்றுக்கும் ஏடுகள் இருந்தன. அந்த ஏடுகளை எழுதியவர்களும் கைதிகளே. நாஜிகளுக்கு இது செலவு குறைந்த ஏற்பாடு. பழி பாதி கைமாறிவிடும் என்பது கூடுதல் லாபம்.

இந்தப் பதவிகளுக்காகக் கைதிகளுக்குள் வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. சட்டையில் பச்சை முக்கோணம் தைத்தவர்கள் குற்றவாளிகள் என்று பிடித்துவரப்பட்டவர்கள். சிவப்பு முக்கோணம் அரசியல் கைதிகளுக்கு. அவர்களில் கம்யூனிஸ்டுகள் அதிகம். 1943 வாக்கில் முக்கியமான இடங்கள் பெரும்பாலும் சிவப்பின் கைக்கு வந்துவிட்டன.

சிறுவர்களைக் காப்பாற்றியவர்களின் பெயர்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் இப்படிப் பதவியில் இருந்தவர்கள். பிளாக் தலைவர், கொத்து வேலைக்குக் காப்போ (வேலைக் குழுவுக்குத் தலைவராகப் போட்ட கைதி), கிடங்குக்குக் காப்போ. ஒவ்வொரு நாளும் எஸ்.எஸ்.காரன் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு விறைப்பாக நின்று கணக்கு ஒப்பித்தவர்கள். தூய்மையான கைகளைத் தேடிப் போகிற வாசகன் இந்த இடத்திலேயே திரும்பிவிடுவது நல்லது. அந்த முகாமில் ஒரு குழந்தைக்கு ஒரு கட்டில் கிடைக்க வேண்டுமானால், கட்டிலை ஒதுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். அந்த அதிகாரம் கொலைகாரனிடமிருந்துதான் வந்தது.

*

அன்டோனின் காலினா செக் நாட்டுக்காரர். 1902-ல் ட்ரெபீச் என்ற ஊரில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் என்பதற்காக 1939-ல் பிடிபட்டார். அன்றிலிருந்து போர் முடியும்வரை முகாம்தான்.

1945 ஜனவரியில் கிழக்கிலிருந்து சோவியத் படை நெருங்கி வந்தது. ஆஷ்விட்ஸ், கிராஸ்-ரோசன் முகாம்களில் இருந்த கைதிகளைப் பனியில் நடக்கவிட்டும் திறந்த ரயில் பெட்டிகளில் அடைத்தும் மேற்கே விரட்டினார்கள். புகன்வால்டில் இறங்கிய கூட்டத்தில் நூற்றுக்கணக்கான பையன்கள் இருந்தார்கள். பெரும்பாலும் யூதர்கள். அப்பா வழியில் இறந்திருப்பார். அம்மாவை ஆஷ்விட்ஸ் நடைமேடையிலேயே பிரித்திருப்பார்கள்.

முகாமின் கீழ்ச்சரிவில் ‘சின்ன முகாம்’ என்று ஒரு பகுதி இருந்தது. ராணுவக் குதிரைகளுக்காக வடிவமைத்த, ஜன்னல் இல்லாத மரக் கொட்டகைகள். புகன்வால்டிலேயே மிக மோசமான இடம். நாற்றமும் தொற்றுநோயும் சாவும் அங்கேதான் அதிகம். எஸ்.எஸ்.காரர்கள் நோய்க்குப் பயந்து அந்தப் பக்கம் வரத் தயங்குவார்கள். முகாமுக்குள் ரகசியமாக இயங்கிய கைதிகள் அமைப்பு அந்தக் காரணத்துக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. அங்கே 66ஆம் எண் கொட்டகையைச் சிறுவர்களுக்கு என்று ஒதுக்கவைத்து, காலினாவைத் தலைவராகப் போட்டார்கள். உதவிக்கு குஸ்தாவ் ஷில்லர் என்ற போலந்து யூதர்.

காலினா செய்தவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். பையன்களை வெளிவேலைக்கு அனுப்பவில்லை. செக் கைதிகளுக்கு வந்த பொட்டலங்களிலிருந்து ஏதாவது திரட்டிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று: காலையும் மாலையும் ஆள் கணக்கெடுப்பைக் கொட்டகைக்கு உள்ளேயே நடத்த வழி செய்தார்.

கணக்கெடுப்பு என்றால் மைதானத்தில் வரிசை. மழையோ பனியோ, மெல்லிய கோடு போட்ட துணியில், எண்ணிக்கை சரியாகும்வரை மணிக்கணக்கில் நிற்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு எஸ்.எஸ்.காரன் கை ஓங்காமலே அங்கே ஆட்கள் சரிந்து விழுந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த மைதானத்தில் நிற்காமல் இருந்தான் என்றால், அவன் பிழைத்ததற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஷில்லர் முரடர் என்று சொல்கிறார்கள். பையன்கள் அவரைக் கண்டு பயந்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் ரொட்டித் துண்டுக்காக முட்டி மோதிப் பிழைத்துவந்த பிள்ளைகள் அவர்கள். பாசத்தால் மட்டும் அவர்களை வரிசையில் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்ற முடிந்திருக்குமா என்று நான் யோசித்தது உண்டு. பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடி வாங்கியவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் அதையும் சொல்லிவிட்டு நன்றியும் சொல்கிறார்கள்.

ஏப்ரல் முதல் வாரம். அமெரிக்கப் படை நெருங்கிவிட்டது. யூதர்கள் எல்லாரும் மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் உத்தரவு. அந்த நாட்களில் ஏறத்தாழ 28,000 பேரை முகாமிலிருந்து வெளியே விரட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். காலினா பையன்களை உள்ளேயே இருக்கச் சொன்னார். ஏட்டில் அவர்களின் மதத்தை மாற்றி எழுதினார். சட்டையில் இருந்த யூத அடையாளத்தைப் பிய்க்கவைத்தார். கேட்க வந்தவனிடம், இந்தப் பிளாக்கில் யூதர் யாரும் மிச்சம் இல்லை என்று சொன்னார்.

அந்த வாக்கியம் பொய்யென்று தெரிந்திருந்தால் அவரை அங்கேயே சுட்டிருப்பார்கள்.

போருக்குப் பிறகு காலினா ஊர் திரும்பினார். பெரிதாக யாரும் கேட்கவில்லை, அவரும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 1990-ல் இறந்தார். இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாட் வாஷெம் அவரைக் கௌரவித்தது 2012-ல். அந்தக் கொட்டகையில் இருந்த பையன்களில் ஒருவர் எலீ வீசல். பின்னால் 1986-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அதே வீசல். அப்போது அவருக்குப் பதினாறு வயது.

*

ராபர்ட் ஸீவெர்ட், கட்டுமான வேலைக்குக் காப்போ. போலந்துச் சிறுவர்கள் வந்தபோது, இவர்களுக்குக் கொத்து வேலை பழக்கிவிட்டால் முகாமுக்கு ஆள் மிச்சம் என்று அதிகாரிகளிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். பையன்கள் கல்குவாரிக்குப் போகவில்லை. கரண்டி பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் ரசமட்டம் வைக்கவும் கற்றார்கள். குளிர் நாட்களில் சுவர்களுக்குள் வேலை.

தங்களைச் சிறைவைத்த இடத்துக்கே சுவர் எழுப்பினார்கள் என்று குறை சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள். கல்குவாரியில் கல் சுமந்த பையன்களில் பிறகு எத்தனை பேர் குறை சொல்ல மிஞ்சினார்கள்?

*

காப்பாற்றியவர் என்றதும் மனம் ஒரு பெரிய மனிதரைக் கற்பனை செய்கிறது. நரைத்த தலை, கனிந்த கண். ஃபியோதர் மிகாய்லிச்சென்கோவுக்கு அப்போது வயது பதினெட்டு.

ரஷ்யாவின் ரொஸ்தோவ் நகரத்துப் பையன். புகன்வால்டின் மேல்பகுதியில், 8ஆம் பிளாக்கில் இருந்தான். 1945 ஜனவரியில் அதே பிளாக்குக்கு ஏழு வயதுக் குழந்தை ஒன்று வந்தது: யிஸ்ராயேல் மேயர் லாவ், கூப்பிடும் பெயர் லூலெக். அண்ணன் நஃப்தாலி அவனை ஒரு சாக்குக்குள் வைத்து முகாமுக்குள் தூக்கி வந்திருந்தார். அண்ணன் வேறு பகுதியில் இருக்க வேண்டியதாயிற்று. குழந்தை தனியாகிவிட்டது.

ஃபியோதர் உருளைக்கிழங்கு திருடி அவனுக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்தான். காது விறைக்காமல் இருக்கக் கம்பளி நூலில் காதுறை பின்னிப் போட்டான். பதினெட்டு வயதுப் பையன் பின்னல் ஊசி பிடித்தது எனக்கு ஏன் இவ்வளவு வியப்பாக இருக்கிறது என்று தெரியவில்லை. உயிரைப் பணயம் வைத்ததைவிட இது அரிதாகப்படுகிறது. கடைசி நாளில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது குழந்தையைக் கீழே தள்ளி அவன்மேல் படுத்துக்கொண்டான்.

பிறகு ஒருவன் கிழக்கே போனான், மற்றவன் தெற்கே. லாவ் இஸ்ரேலின் தலைமை ரபி ஆனார். ‘ரொஸ்தோவ் ஃபியோதர்’ என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. குடும்பப் பெயர் தெரியாது. பல பத்தாண்டுகள் தேடினார். 2008-ல் கென்னத் வால்ட்சர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் முகாம் ஆவணங்களிலிருந்து முழுப் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஃபியோதர் 1993-லேயே இறந்துபோயிருந்தார்.

*

8ஆம் பிளாக்கின் தலைவர் வில்ஹெல்ம் ஹம்மன். ஜெர்மானியர், பள்ளி ஆசிரியர், கம்யூனிஸ்ட். ஏப்ரலில் யூதச் சிறுவர்களை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தபோது அவரும் காலினா செய்ததையே செய்தார். சட்டையில் இருந்த யூத நட்சத்திரங்களைப் பிய்க்கச் சொல்லிவிட்டு, இங்கே அப்படி யாரும் இல்லை என்றார்.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் அவரைப் பிடித்தார்கள். முகாமில் பிளாக் தலைவராக இருந்தவர், ஆகவே கொடுமைக்குத் துணைபோயிருப்பார் என்று சந்தேகம். டாக்காவ் முகாம் அப்போது அமெரிக்கர்களின் தடுப்புக் காவலாக மாறியிருந்தது; அங்கே அடைத்தார்கள். முன்னாள் கைதிகள் அவருக்காகச் சாட்சி சொன்ன பிறகே வெளியே வந்தார். 1955-ல் சாலை விபத்தில் இறந்தார். யாட் வாஷெம் 1984-ல் அவரை மதித்தது.

சந்தேகப்பட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பிளாக் தலைவர்கள் உண்மையிலேயே அடித்துக் கொன்றவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அவர்களுக்கும் ஹம்மனுக்கும் கையில் கட்டிய பட்டை ஒன்றுதான்.

*

இனி எழுதவேண்டியதை இத்தனை நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

ஸ்டெஃபான் ஜெர்ஸி ட்ஸ்வைக் 1941-ல் கிராக்கோவில் பிறந்தவன். 1944 ஆகஸ்டில், மூன்று வயதில், அப்பா ஸகாரியாஸுடன் புகன்வால்டுக்கு வந்தான். அப்பா வழக்கறிஞர். அம்மாவையும் அக்காவையும் வேறு முகாமுக்குப் பிரித்துவிட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. கைதிகள் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டார்கள். வில்லி ப்ளைஹர், ராபர்ட் ஸீவெர்ட், இன்னும் பலர். ப்ளைஹர் உடைமைக் கிடங்குக்குக் காப்போ. பின்னாளில் மேற்கு ஜெர்மனியில் பெயர்பெற்ற தொழிற்சங்கத் தலைவர். வருஷக்கணக்கில் குழந்தை முகமே பார்க்காத ஆண்கள் அந்த முகாமில் இருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

1944 செப்டம்பர் 25. வேலைக்குப் பயன்படாத சிறுவர்கள் 200 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பட்டியலில் இருந்தவர்கள் மிகப் பெரும்பாலும் சின்டி, ரோமா சமூகத்துப் பிள்ளைகள். ஜெர்மானியர்கள் ‘ஜிப்சி’ என்று சொல்லி ஒதுக்கிய மக்கள். அந்த ஆகஸ்டில்தான் ஆஷ்விட்ஸில் அவர்களுடைய குடும்ப முகாமை ஒரே இரவில் காலிசெய்து ஆயிரக்கணக்கானோரை விஷவாயுவில் கொன்றிருந்தார்கள். வேலைக்கு ஆவார்கள் என்று பிரித்தெடுத்தவர்களை அதற்குச் சற்று முன்னால் புகன்வால்டுக்கு ரயிலேற்றியிருந்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளை அதே ஆஷ்விட்ஸுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஸ்டெஃபான் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவனுக்கு ஊசிபோட்டு, காய்ச்சல் என்று சொல்லி மருத்துவக் கொட்டகையில் படுக்கவைத்தார்கள். பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் அடிக்கப்பட்டன. பன்னிரண்டு வேறு பெயர்கள் எழுதப்பட்டன. ஏனென்றால் எஸ்.எஸ். கேட்டது 200. எண்ணிக்கை குறையக் கூடாது.

ஸ்டெஃபான் இருந்த இடத்தில் வந்த பெயர் வில்லி ப்ளும். பதினாறு வயது. சின்டி சமூகம்.

அந்த 200 பேரும் ஆஷ்விட்ஸுக்குப் போனார்கள்.

*

சிபியின் கதை நமக்கெல்லாம் தெரியும். பருந்துக்குத் தப்பி வந்த புறா மடியில் விழுகிறது. புறாவின் எடைக்கு எடை சதை தருகிறேன் என்று அரசன் தராசு கொண்டுவரச் சொல்கிறான். அரிந்து அரிந்து வைத்தும் தட்டு சமமாகவில்லை. கடைசியில் தானே ஏறி உட்காருகிறான். சோழர்களை அந்த வழியில் வந்தவர்கள் என்று சங்கப் பாடல்கள் பெருமையாகச் சொல்லும்.

புகன்வால்டின் எழுத்தர்கள் முன்னாலும் அதே தராசு இருந்தது. எடைக்கு எடை வைத்தே ஆக வேண்டும். ஆனால் தன் சதையை வைக்கும் வழி அவர்களுக்கு இல்லை. ஐம்பது வயதுக் காப்போ ஒருவர் நான் போகிறேன் என்று முன்வந்தாலும் அது கணக்கில் சேராது, கேட்டது சிறுவர்களை. தட்டில் வைக்க அவர்களிடம் இருந்தது இன்னொரு வீட்டுப் பிள்ளை மட்டும்.

அப்படியானால் பேனாவைத் தொடாமல் இருந்திருக்க வேண்டுமா? தொடாவிட்டால் மூன்று வயதுக் குழந்தை போயிருக்கும். தொட்டதால் பதினாறு வயதுப் பையன் போனான். இரண்டிலும் 200 பேர். அந்த 200-ஐ முடிவுசெய்தவன் எஸ்.எஸ். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தான். இதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டாலும், அடித்த பன்னிரண்டு பெயர்களில் யாருக்குப் பெரிய மனிதர்களின் தயவு இருந்தது, யாருக்கு இல்லை என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது. சின்டிப் பிள்ளைகளுக்காக அந்த ரகசிய அமைப்பில் பேச ஆள் இல்லை. வெளியுலகில் இருந்த அதே படிக்கட்டு உள்ளேயும் இருந்தது.

நான் அவர்கள்மேல் தீர்ப்பு எழுதவில்லை. அந்தக் கேள்வியை அழிக்கவும் மாட்டேன்.

*

எல்லாப் பொய்க்கும் இன்னொருவர் விலை கொடுக்கவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

எர்னோ ஷ்பீகல், ஹங்கேரி யூதர், 29 வயது. 1944-ல் ஆஷ்விட்ஸுக்கு வந்தார். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி இருந்ததால் மருத்துவன் மெங்கலேயின் கண்ணில் பட்டார். இரட்டையர்கள்மேல் சோதனை நடத்திய மெங்கலே, ஆண்பிள்ளை இரட்டையர்களைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தான். ஒருநாள் இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். சாயல் ஒன்று, ஆனால் இரட்டையர் அல்ல. அது தெரிந்தால் நேரே சாவு. ஷ்பீகல் ஏட்டில் இருவருக்கும் ஒரே பிறந்த தேதியை எழுதினார். இருவரும் பிழைத்தார்கள். அந்தத் தேதிக்காக வேறு யாரும் சாகவில்லை.

கொட்டகையில் பிள்ளைகளுக்குக் கணக்கும் புவியியலும் சொல்லிக்கொடுத்தார். 1945 ஜனவரியில் சோவியத் படை வந்த பிறகு 36 பேரைக் கூட்டிக்கொண்டு, போர் இன்னும் முடியாத நாட்டின் ஊடாக, வீட்டுத் திசையில் நடந்தார்.

பெர்கன்-பெல்சன் முகாமில் லூபா ட்ரிஷின்ஸ்கா என்ற தாதி. ஆஷ்விட்ஸில் சொந்த மகனைப் பறிகொடுத்தவள். 1944 டிசம்பர் குளிரில், பெற்றோரிடமிருந்து பிரித்து விடப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட டச்சுக் குழந்தைகளைத் தன் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். சமையற்கட்டு, கிடங்கு என்று தினமும் அலைந்து கெஞ்சியும் திருடியும் ஊட்டினாள். ஏறக்குறைய எல்லாரையும் 1945 ஏப்ரல்வரை கொண்டுவந்து சேர்த்தாள். அதே முகாமில், அதே குளிர்காலத்தில்தான் நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்கும் அவள் அக்காவும் டைஃபஸில் இறந்தார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் படிக்கும்போது மூச்சு சீராக வருகிறது. அதனாலேயே அவற்றோடு நின்றுவிடத் தோன்றுகிறது.

*

புருனோ அபிட்ஸ் புகன்வால்டிலேயே எட்டு ஆண்டு கைதியாக இருந்தவர். 1958-ல் ஸ்டெஃபான் கதையை வைத்து ‘ஓநாய்களுக்கு நடுவே நிர்வாணமாய்’ என்ற பொருளில் தலைப்பிட்டு நாவல் எழுதினார். ஒரு போலந்துக் கைதி பெட்டிக்குள் ஒளித்துக் குழந்தையைக் கொண்டுவருகிறார். கம்யூனிஸ்டுகள் சித்திரவதைக்கு நடுவிலும் காட்டிக்கொடுக்காமல் காக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியில் பள்ளிப்பாடமாயிற்று. 1963-ல் ஃப்ராங்க் பேயர் படமாக எடுத்தார்.

நாவலில் அப்பா இல்லை. நிஜத்தில் குழந்தை பெட்டிக்குள் வரவில்லை. அப்பாவோடு வந்து, எண் வாங்கி, ஏட்டில் பதிவானது. நாவலாசிரியருக்கு மாற்றும் உரிமை உண்டு, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எழுதிச் சேர்த்த பெயர் நாவலுக்குள் வரவில்லை. அரசாங்கம் அந்த நாவலையே வரலாறாக்கியபோது வில்லி ப்ளும் மறுபடியும் ஒருமுறை விடுபட்டான்.

படம் வந்த பிறகு பத்திரிகையாளர்கள் தேடிப்போய், பிரான்சின் லியோன் நகரில் படித்துக்கொண்டிருந்த ஸ்டெஃபானைக் கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஜெர்மனிக்கு வந்தார், கொண்டாடினார்கள். ‘புகன்வால்டின் குழந்தை’. 1972-ல் வியன்னாவுக்குப் போய்விட்டார். கிழக்கு ஜெர்மனி மறைந்த பிறகு வரலாற்றாசிரியர்கள் பட்டியலை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார்கள். ‘ஒருவருக்குப் பதில் ஒருவரைப் பலிகொடுத்தது’ என்று பேச்சு வந்தது. அவர் கொதித்தார், நீதிமன்றம்வரை போனார்.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. மூன்று வயதில் ஊசிபோட்டுப் படுக்கவைக்கப்பட்ட குழந்தை எதையும் செய்யவில்லை. அறுபது, எழுபது வயதில் ஒருவரிடம் போய் உன் இடத்தில் இன்னார் போனான் என்று சொன்னால், அதை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? வரலாற்றாசிரியர்கள் பெயரைச் சொன்னதும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவில் ஒரு மனிதர் முதுமை முழுவதும் நின்றுகொண்டிருந்தார்.

*

வில்லியைப் பற்றித் தெரிந்தவை கொஞ்சம். அவன் குடும்பம் ஊர் ஊராகப் போய்ப் பொம்மலாட்டம் நடத்திய குடும்பம். நிறையப் பிள்ளைகள். நூலில் ஆடும் மரப்பொம்மைகள், மடக்கிக் கட்டும் மேடை, வண்டி. 2018-ல் ஆன்னெட் லியோ என்ற வரலாற்றாசிரியர் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதுவரை வில்லி ஒரு தட்டச்சு வரிதான்.

ஆவணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த 200 பேரில் வில்லியின் தம்பி ருடால்ஃப் முதலிலிருந்தே இருந்தான். வில்லி பதினாறு வயது, வேலைக்கு ஆகிறவன், புகன்வால்டிலேயே தங்கியிருக்கலாம். தம்பியோடு போகிறேன் என்று அவனே கேட்டுக்கொண்டதாகப் பதிவு சொல்கிறது.

எஸ்.எஸ். ஏட்டில் ‘விருப்பப்பட்டு’ என்று எழுதியிருப்பதை எவ்வளவு நம்புவது என்று முதலில் தயங்கினேன். ஆனால் வேலைக்கு ஆகிற உடம்பை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கும். ஆஷ்விட்ஸிலிருந்து வந்தவன் வில்லி. அந்த ரயில் எங்கே போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

அப்படிப் பார்த்தால் அந்தப் பட்டியலில் தன்னையே தூக்கித் தட்டில் வைத்தவனாகத்தான் அவன் எனக்குத் தெரிகிறான். ஸ்டெஃபானுக்காக அல்ல. அப்படி ஒரு குழந்தை முகாமில் இருந்ததே அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. காலியான ஓர் இடம் வந்தது. தம்பி பக்கத்தில் போக அது போதுமாக இருந்தது. அவனைப் பலி என்று மட்டும் எழுதுகிறவர்களும், அவனை எழுதாமலே விட்டவர்களும் இந்த ஒரு காரியத்தைப் பார்க்கவில்லை. குழந்தைகளைக் காப்பாற்ற முயன்ற கைதிகளின் பெயர்களில் காலினாவையும் ஹம்மனையும் ஃபியோதரையும் வைத்தால், முயன்று தோற்ற வில்லியையும் வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு சிறுவனை அவனால் பிழைக்கவைக்க முடியவில்லை. தனியாகப் போகவிடவும் இல்லை.

போருக்குப் பிறகு சின்டி, ரோமா மக்களில் பிழைத்தவர்கள் நஷ்டஈடு கேட்டுப் போனபோது, 1943-க்கு முந்தைய நடவடிக்கைகள் இனவெறியால் நடந்தவை அல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கைகள் என்று மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956-ல் தீர்ப்பு எழுதியது. நடந்தது இனப்படுகொலை என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது 1982-ல். புகன்வால்டில் அவர்களுக்கு நினைவிடம் வைத்தது 1995-ல்.